மாட்டு ஈக்குப் பானை கட்டியதும், பிடிபட்டதற்குப் பெயர் தேடியதும்

நேற்று காலை பால் கறக்கப் போகும் முன், அடுப்படி ஜன்னலோரம் வரிசையாக இருக்கும் ஊறுகாய் பாட்டில்களை எப்போதும்போல ஒரு பார்வை பார்த்தேன். எட்டாம் எண் பாட்டிலில், ஈரச் சேற்றில் சொருகி வைத்த ஈர்க்குச்சியின் மேல் ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. இறக்கை இன்னும் முழுசாக விறைக்கவில்லை, அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் பாதி புதைந்தபடி கூட்டுப்புழுவின் வெற்றுத்தோல். போன புரட்டாசியில் வாய்க்கால் ஓரத்தில் சல்லடை போட்டு எடுத்த புழு, மாசியில் ஈயாகிவிட்டது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஆண். இரண்டு கண்களும் நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்தன. வயிற்றின் மேல் நீளவாக்கில் மூன்று வெளிர் கோடுகள். அந்த மூன்று கோட்டைப் பார்ப்பதற்காகத்தான் ஐந்து மாதம் மண்புழு வெட்டிப் போட்டேன். எங்கள் மாட்டைக் கடிக்கும் ஈ எந்த வகை என்று கண்டுபிடிக்கப் போன ஆனியில் ஆரம்பித்த வேலை இது. மறந்துபோகும் முன் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குத் தென்காசிப் பக்கம், மலையடிவாரம். இரண்டு கறவை மாடு, ஒரு கறுப்புக் கிடாரி, ஒரு கன்று. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் எங்கள் ஊரிலும் காற்றும் தூறலுமாகத்தான் இருக்கும். தூறல் நின்று ஒரு மணி நேரம் வெயில் அடித்தால் போதும், மாட்டு ஈ வந்துவிடும். புத்தகத்தில் குதிரை ஈ என்று போட்டிருப்பார்கள், எங்கள் ஊரில் மாட்டு ஈதான். வீட்டு ஈ மாதிரி மொய்க்காது. ஒன்றோ இரண்டோ வரும், மாட்டைச் சுற்றிச் சுற்றி இரையும். சத்தம் நின்றுவிட்டால் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கொசு போல நைசாகக் குழலை நுழைத்து உறிஞ்சாது. கத்தி போன்ற வாயுறுப்பால் தோலைக் கிழித்து, ஊறித் தேங்கும் ரத்தத்தைக் குடிக்கும். எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், ஈ போன பிறகும் மடியோரம் சிவப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டே இருக்கும். கடி விழுந்ததும் மாடு உதைக்கும், பால் வாளி உருளும். ஏழு லிட்டர் கறந்த மாடு ஆனிக் கடைசியில் ஐந்தரைக்கு இறங்கியது.

வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுவதுதான் எங்கள் வழக்கம். புகை இருக்கும்வரை பலன் உண்டு. காற்று திசை மாறினால் புகை எங்கள் வீட்டுக்குள் போகும், ஈ மாட்டிடம் வரும்.

கன்றுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கடிப்பதைவிடப் பெரிய கவலை சர்ரா நோய் என்றார். நோயுள்ள மாட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் ஈயை மாடு வாலால் விரட்டும். அரைகுறையாகக் குடித்த ஈ உடனே அடுத்த மாட்டில் போய் உட்கார்ந்து மீதியைக் குடிக்கும். வாயில் ஒட்டிய ரத்தத்தோடு கிருமியும் போகும். மாடும் எருமையும் பல சமயம் வெளியே தெரியாமல் தாங்கிக்கொள்ளும், குதிரையும் ஒட்டகமும் செத்துப்போகும். 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். ‘எந்த ஈ வருதுன்னு பாத்தீங்களா?’ என்று டாக்டர் கேட்டார். மாட்டு ஈ என்றேன். ‘மாட்டு ஈன்னா எது?’ என்றார். பி.எஸ்சி. விலங்கியல் படித்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரிதான் பொறி ஒன்று செய்வது என்று முடிவெடுத்தேன்.

எடுத்துக்கொண்டது மானிட்டோபா பொறி. கனடாவில் உருவானது, அமைப்பு எளிது. முக்காலி போல மூன்று கம்பு நட்டு, மேலே கூம்பாக வலையோ கண்ணாடித்தாளோ போர்த்தி, கூம்பின் அடியில் கறுப்புப் பந்து ஒன்றைத் தொங்கவிட வேண்டும். ஈ அதை மாடு என்று நினைத்து வரும், உட்காரும், ஏமாந்து மேல்நோக்கி வெளிச்சத்தைப் பார்த்துப் பறக்கும், கூம்பின் உச்சியில் கவிழ்த்து வைத்த பாட்டிலுக்குள் போய்விடும்.

முதல் செலவுக் கணக்கு: பெரிய ரப்பர் பந்து 160 ரூபாய், கரும்பலகைக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட் 90, கொசுவலைத் துணி மூன்று மீட்டர் 240, ஜி.ஐ. கம்பி 110. மூங்கில் வீட்டிலேயே இருந்தது, பாட்டில் பழைய குடிநீர் பாட்டில். ஆக 600 ரூபாய். கரும்பலகை பெயின்டைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு ஒரு நியாயம் இருந்தது: மாட்டுத் தோல் கண்ணாடி மாதிரி மின்னாது, அதனால் மின்னாத கறுப்பே மாட்டுக்கு நெருக்கம் என்று நினைத்தேன். தொழுவத்திலிருந்து இருபது அடி தள்ளி, வேப்பமர நிழலில், தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் பந்து தொங்கும்படி கட்டினேன்.

நான்கு நாளில் பாட்டிலில் பதினோரு ஈ. சந்தோஷமாக எடுத்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் ஒன்பது வேறு ஈ. பார்வைக்கு வீட்டு ஈ, ஆனால் தலைக்கு முன்னால் ஊசி போல விறைத்த குழல் நீட்டிக்கொண்டிருந்தது. தொழுவத்தில் மாட்டின் காலைக் கடிக்கும் இன்னொரு வகை அது, வீட்டு ஈயின் சொந்தக்காரன். இந்த இடத்தில்தான் வகைப்பாட்டின் முதல் பாடம் படித்தேன். குதிரை ஈ என்று சொல்ல எதைப் பார்க்க வேண்டும்? பாதத்தின் அடியில் பார்க்க வேண்டும். வீட்டு ஈக்கும் அதன் சொந்தங்களுக்கும் இரண்டு மெத்தை, குதிரை ஈக்கு மூன்று. அடுத்தது இறக்கை நுனி: அங்கே ஒரு நரம்பு கவட்டையாகப் பிரிந்து, ஒரு கிளை நுனிக்கு மேலும் ஒரு கிளை நுனிக்குக் கீழுமாக முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் 220 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த முழு வேலையில் மிகவும் பலன் தந்த செலவு அதுதான்.

பதினோரு ஈயில் இரண்டுதான் நிஜமான குதிரை ஈ. அடுத்த மூன்று நாளில் அதுவும் இல்லை. பந்தை ஏற்றினேன், இறக்கினேன், மாட்டு மூத்திரத்தைத் துணியில் நனைத்துக் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் காலையில் தூறல் விட்டதும் வெயில் வந்தது. மரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் பந்தின் ஒரு பக்கத்தை நனைத்து மினுமினுப்பாக்கியிருந்தது. பெரிய ஈ ஒன்று வந்து, நேராக அந்த ஈரத் திட்டின் மேல் முட்டி முட்டி உட்கார்ந்தது. பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு. காய்ந்த பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்து காய்ந்ததும் ஈ வருவதும் நின்றது.

ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் என்ற இயற்பியலாளரின் குழு பல வருடமாக இதையே ஆராய்ந்திருக்கிறது. பளபளப்பான கறுப்புப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக மாறுகிறது, குதிரை ஈக்கு அது கண்ணில் படும், அதை நாடி வரும். தண்ணீரைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான், வெயிலில் நிற்கும் கறுத்த மாட்டைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். வெள்ளைத் தோலில் அந்த ஒளி மங்கல், அதனால் வெள்ளைக் குதிரைக்குக் கடி குறைவு. எங்கள் தொழுவத்திலும் கறுப்புக் கிடாரிதான் அதிகம் கடிபடும். அது இளந்தோல் என்பதால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, பளபளப்பு வேண்டும். 85 ரூபாய்க்கு 100 மில்லி எனாமல் வாங்கி அதே பந்தின் மேல் அடித்தேன். வெயிலில் பந்துக்குள் காற்று விரிந்து, ராத்திரி சுருங்கி, மூன்றாம் நாளே பெயின்ட் செதில் செதிலாக உரிந்தது. அப்புறம்தான் பானை. சின்ன மண்பானை, சந்தையில் 120 ரூபாய். மண் முதல் பூச்சு எனாமலைக் குடித்துவிடும், இரண்டாவது மங்கலாக நிற்கும், மூன்றாவது பூச்சில்தான் முகம் தெரியும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒரு நாள் காய விட வேண்டும். இரண்டு டப்பா எனாமல் ஆனது. கழுத்தில் கயிறு கட்டி, அடிப்பாகம் கீழே வரும்படி தொங்கவிட்டேன். இந்தத் தடவை நிழலில் இல்லை, வரப்போரம் திறந்த வெயிலில்.

பக்கத்து வயல் அண்ணாச்சி எருமைகளை ஓட்டிக்கொண்டு போனவர் நின்று பார்த்தார். ‘ஏ தம்பி, திருஷ்டிப் பானைல்லா இது? சுண்ணாம்புப் புள்ளி எங்க?’ என்றார். ஈ பிடிக்க என்றேன். ‘எந்த ஈயப் பிடிக்க? பெருசு காலுக்கும் வயித்துக்கும் வரும். புள்ளி றெக்க வச்சது ஒண்ணு இருக்கு, அது தலையத்தான் தேடும். சாம்பக் கலருல இன்னொண்ணு, சத்தமே குடுக்காது, மேகம் மூடுனாத்தான் வரும்’ என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். டாக்டர் கேட்ட அதே கேள்வி. அண்ணாச்சி பதிலையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.

பானை வேலை செய்தது. ஆடி இரண்டாம் வாரம், ஏழு நாளில் 63 குதிரை ஈ. ஒவ்வொரு நாளும் பாட்டிலைக் கழற்றி அப்படியே ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைப்பேன். கொல்வதற்கு அதுவே நல்ல வழி, மருந்து வேண்டாம், உடம்பு கெடாது. பூச்சிக்கென்று விற்கும் மெல்லிய ஊசிகள் நூறு 350 ரூபாய்க்கு வரவழைத்தேன். நெஞ்சின் நடுக்கோட்டில் குத்தாமல் கொஞ்சம் வலது பக்கமாகக் குத்த வேண்டும், அப்போதுதான் ஒரு பக்கமாவது முடியும் கோடும் முழுசாக மிஞ்சும். தெர்மாகோல் போட்ட இனிப்புப் பெட்டியில், நாப்தலீன் உருண்டையோடு வரிசையாகக் குத்தி வைத்தேன்.

இங்கே ஒரு பெரிய தப்பு செய்தேன். உயிரோடு இருக்கும்போது இந்த ஈயின் கண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? சிலவற்றில் மயில் கழுத்துப் பச்சை, அதில் குறுக்கே ஊதாவும் செம்பும் கலந்த பட்டைகள். சிலவற்றில் பட்டையே இல்லை. சிலவற்றில் பச்சையில் கறுப்புப் புள்ளிகள். அந்தப் பட்டைகளும் புள்ளிகளும் வகை பிரிக்க உதவும் அடையாளம். நான் முதலில் எல்லாவற்றையும் குத்தி முடிப்போம், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கண்ணைப் பார்ப்போம் என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தால் அத்தனை கண்ணும் ஒரே காப்பிக்கொட்டை நிறம். காய்ந்தால் வண்ணம் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது.

பழைய பூச்சி சேகரிப்பாளர்கள் எழுதியதைத் தேடிப் படித்ததில் ஒரு வழி கிடைத்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸில் நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு, அதன் மேல் தெர்மாகோல் துண்டில் ஐந்து ஈயைக் குத்தி, மூடி ராத்திரி முழுக்க வைத்தேன். பூசணம் வராமல் இருக்க ஒரு நாப்தலீன் துண்டு. காலையில் மூடியைத் திறந்து சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது, ஒரு ஈயின் இடது கண்ணில் கீழிருந்து மேலாக முதல் பட்டை தெரிந்தது. எண்ணெய்த் துளி தண்ணீரில் பரவினால் வருமே அந்த நிறம். சாய்த்தால் ஊதா, நிமிர்த்தினால் பச்சை. இருபது நிமிடம் தெரிந்தது, பிறகு காற்றுப் பட்டுக் காய்ந்து மறுபடி பழுப்பாகிவிட்டது. அந்த இருபது நிமிடத்துக்குள் போனில் படம் எடுத்துவிட வேண்டும். ஐந்தில் நான்கு கண் திரும்பியது. ஒன்றுக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. இப்போது பாட்டிலிலிருந்து எடுத்தவுடன், ஃப்ரீசருக்கு முன்பே கண்ணைப் படமெடுத்துவிடுகிறேன்.

வகை பிரிக்கும் வேலைக்கு வருகிறேன். உலகத்தில் இந்தக் குடும்பத்தில், அதாவது டபானிடேயில், 4,400-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். டபானஸ் என்ற ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) மட்டும் ஆயிரத்துக்கும் மேல். லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர் அது. 1954-இல் ஆஸ்திரேலியாவின் இயன் மெக்கராஸ், வெளித்தோற்றத்தோடு இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பையும் வைத்து இந்தக் குடும்பத்தைச் சீர்படுத்தினார். பேங்கோனினே, கிரைசாப்சினே, டபானினே என்று நாம் இன்று சொல்லும் மூன்று துணைக்குடும்பங்களுக்கு அவர் வேலைதான் அடித்தளம். நான் உறுப்பை அறுத்துப் பார்க்கும் அளவுக்குப் போகவில்லை. கைலென்ஸுக்கு எட்டும் அடையாளங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி பின்னங்காலில். முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட துண்டின் கடைசியில் இரண்டு குட்டி முள் இருக்கிறதா? இல்லை என்றால் டபானினே. இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. கேட்க எளிதாக இருக்கும். அந்த முள் காலின் மயிரோடு மயிராகப் படுத்துக்கிடக்கும். காலைக் குண்டூசி நுனியால் தூக்கி, பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்த்தால்தான் பிரியும். முதல் பத்து ஈயில் நான்கைத் தப்பாகப் பிரித்தேன், மயிரை முள் என்று எண்ணிவிட்டேன்.

முள் இருந்தால் உணர்கொம்பின் கடைசித் துண்டில் எத்தனை வளையம் என்று எண்ண வேண்டும். எட்டு இருந்தால் பேங்கோனினே. எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இமயமலைப் பக்கம் அந்தக் கூட்டத்தில் ஃபிலோலிகே லாங்கிராஸ்ட்ரிஸ் என்று ஒன்று இருக்கிறது, உடம்பை விட நீளமான குழலால் பூவில் தேன் குடிக்கும். என்றாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஐந்து வளையம் என்றால் கிரைசாப்ஸ். அண்ணாச்சி சொன்ன புள்ளி இறக்கை இதுதான்: தெளிந்த இறக்கையில் குறுக்கே அழுத்தமான பழுப்புப் பட்டை, உட்கார்ந்தால் இறக்கையை அகல விரித்து வைக்கும், மஞ்சளும் கறுப்புமாக வயிறு, கண்ணில் புள்ளிகள். ஆப்பிரிக்காவின் நடுவிலும் மேற்கிலும் மழைக்காடுகளில், மனிதர் கண்ணுக்குள் ஊர்ந்து போகும் லோவா லோவா புழுவைப் பரப்புவது இதே பேரினத்து ஈக்கள். அந்த நோய் நம் நாட்டில் கிடையாது. இருந்தாலும் பேரினம் வரை சரியாகப் பிரிப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

முள் இல்லாத கூட்டத்தில் எனக்கு இரண்டு பேரினம். இறக்கை முழுக்கச் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கோலம் போட்டது போல இருந்து, அதைக் கூரை மாதிரி உடம்பின் மேல் சரித்து மூடினால் ஹேமடோபோட்டா. நெற்றி அகலம், அதில் வெல்வெட் போல இரண்டு கறுப்புப் பொட்டு. அண்ணாச்சியின் சத்தமில்லாத சாம்பல் ஈ. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நிறைய, ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் இந்தப் பேரினமே கிடையாது. மற்றதெல்லாம் டபானஸ்: பெரிய உடம்பு, தெளிந்த இறக்கை, உணர்கொம்பின் மேல்பக்கம் பல் போல ஒரு துருத்தல்.

பானையில் விழுந்த 63-ஐ இப்படிப் பிரித்தபோது டபானஸ் 58, ஹேமடோபோட்டா 3, கிரைசாப்ஸ் 2. எல்லாம் பெண். எங்கள் தொழுவத்தில் 58-க்கு 2 என்ற கணக்கிலா கிரைசாப்ஸ் வருகிறது? இல்லை, மாட்டின் காதைச் சுற்றி எப்போதும் நான்கு நிற்கும். பானை எனக்குக் காட்டியது பானைக்குப் பிடித்த ஈயை மட்டும்தான். அதனால் அடுத்த வாரம் வேறு மாதிரி செய்தேன். மாட்டின் மேல் உட்கார்ந்த ஈயைச் சோதனைக்குழாயால் மூடிப் பிடிப்பது, பிடித்த உடனே சீட்டில் நாள், மணி, வெயிலா மேகமா, மாட்டின் எந்த இடம் என்று எழுதிக் குழாய்க்குள் போடுவது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, மாலை நான்கிலிருந்து ஆறு வரை. நாற்பது சீட்டு சேர்ந்தது. டபானஸ் 22, அதில் 17 கால்களிலும் வயிற்றடியிலும். கிரைசாப்ஸ் 11, ஒன்றைத் தவிர எல்லாம் காது, நெற்றி, கழுத்து. ஹேமடோபோட்டா 7, ஏழும் மேகம் போட்ட நேரத்தில், இரண்டு என் முழங்கையில். சீட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது அண்ணாச்சி நடந்துகொண்டே சொன்ன மூன்று வாக்கியம் அப்படியே கிடந்தது. மறுநாள் பெட்டியை எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். லென்ஸைக் கண்ணில் வைத்து ஹேமடோபோட்டாவின் இறக்கையை வெகுநேரம் பார்த்தார். ‘இம்புட்டுக் கோலமா போட்டிருக்கு’ என்றார்.

சீட்டு விஷயத்தில் இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஆதர்ட்டன் மேட்டுநிலத்தில் 1981-இல் பிடித்த பொன்னிற வயிறுள்ள குதிரை ஈக்கு, முப்பது வருடம் கழித்து 2011-இல்தான் பிரையன் லெஸ்ஸார்ட் பெயர் வைத்தார். பாடகி பியான்சேயின் பெயர் என்பதால் அது உலகம் முழுக்கச் செய்தியானது. எனக்கு அதில் பிடித்தது வேறு. எங்கே, எப்போது என்ற சீட்டு ஊசியில் இருந்ததால்தான் முப்பது வருடப் பழைய ஈ புது இனமாக நின்றது. முதல் வாரத்தில் நான் சீட்டில்லாமல் குத்திய ஈக்களை இப்போது பழகிப் பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.

டபானஸுக்குள் இனம் வரை போக முயற்சி செய்தேன். கெர்ட்ரூட் ரிக்கார்டோ 1911-இல் கல்கத்தா இந்தியன் மியூசியத்தின் இதழில் இந்தப் பகுதி டபானஸ் இனங்களை விரிவாக எழுதியிருக்கிறார், இன்றும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. முக்கியமான அளவு நெற்றி. பெண் ஈயின் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு பட்டை ஓடும். அதன் உயரம் அடி அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். கைலென்ஸை போன் கேமராவில் ரப்பர் பேண்டால் கட்டி, நேர் எதிரே படமெடுத்து, காகிதத்தில் பெரிதாக அச்சடித்து, பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தேன். ஒன்றில் உயரம் 31 மில்லிமீட்டர், அடி 6. ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் மேல். தலை லேசாகச் சாய்ந்திருந்தாலும் கணக்கு மாறும். ஒரே ஈயை மூன்று தடவை அளந்தபோது 4.6 முதல் 5.3 வரை வந்தது. ஈயின் தலைக்குக் கீழே களிமண் உருண்டை வைத்து நிமிர்த்திய பிறகுதான் எண் நிலைத்தது.

என்னிடம் இருப்பதில் பெரும்பாலானது வயிற்றில் மூன்று வெளிர் கோடுள்ள வகை. டபானஸ் ஸ்ட்ரையாட்டஸ் என்று 1787-இல் ஃபாப்ரீஷியஸ் பெயர் வைத்ததோடு சேர்ந்த கூட்டம். கூட்டம் என்று சொல்வதற்குக் காரணம், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் நெருங்கிய இனங்கள் பல அந்த ஒரே பெயருக்குள் கிடந்திருக்கின்றன. என் பெட்டிச் சீட்டில் ‘ஸ்ட்ரையாட்டஸ் கூட்டம்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டேன். முதுகின் நடுக்கோட்டில் முக்கோணம் முக்கோணமாக வெளிர் புள்ளியுள்ள ஒன்பது பெரிய ஈக்கு ‘டபானஸ்’ என்பதோடு சரி. தெரியாத பெயரை எழுதுவதைவிடத் தெரிந்த இடத்தில் நிற்பது நல்லது.

ஆண்தான் பாக்கி. ஆண் ரத்தம் குடிக்காது, பூந்தேன்தான், அதனால் மாட்டிடமும் பானையிடமும் வராது. சாந்து கலக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சட்டியில் இரண்டு லிட்டர் பாமாயில் ஊற்றி வரப்பில் வைத்தேன். பளபளக்கும் கிடைமட்டப் பரப்பு தண்ணீர் மாதிரி தெரியும், ஆணும் பெண்ணும் வரும். நான்கு நாளில் மூன்று ஆண் விழுந்தது. எண்ணெயில் ஊறி உடம்பின் மாவுப்பூச்சும் மயிரும் போய், பெட்ரோலில் கழுவியும் கோடு தெரியவில்லை. கூடவே இரண்டு தட்டான் விழுந்து செத்துக்கிடந்தன. தண்ணீர் என்று நம்பித்தான் அவையும் வந்திருக்கும். தட்டான் எங்கள் வயலுக்கு வேண்டியது, மாட்டு ஈயையே பிடித்துத் தின்னும். அன்றே சட்டியை எடுத்துவிட்டேன், திரும்ப வைக்க மாட்டேன்.

கிடாரிக்குக் கோடு போட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வரிக்குதிரை போல வெள்ளைக் கோடு வரைந்ததில் கடி ஈ உட்காருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. நான் நாமக்கட்டியைக் கரைத்து வரைந்தேன். மதியத் தூறலில் கரைந்து போய்விட்டது. சாரல் காலத்தில் நாமக்கட்டி நிற்காது.

ஆக ஆண் வேண்டுமென்றால் புழுவிலிருந்து வளர்ப்பதே வழி என்று புரட்டாசியில் இறங்கினேன். பெண் ஈ தண்ணீருக்கு மேல் சாய்ந்த புல்லிலும் இலையிலும் கொத்தாக முட்டையிடும், புழு கீழே ஈரச் சேற்றில் விழுந்து வளரும். வாய்க்கால் ஓரச் சேற்றை மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வரை அள்ளி, மாவுச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், இரண்டு முனையும் கூர்ந்த வெளிர் நிறப் புழு நெளியும். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். கையில் வைத்தால் கடிக்கும், சுருக்கென்று இருக்கும். முதல் நாள் கிடைத்த ஐந்தையும் ஒரே பேசினில் சேற்றோடு போட்டேன். நான்காம் நாள் இரண்டுதான் மிச்சம். ஒன்றை ஒன்று தின்றிருக்கிறது. அப்புறம் இன்னும் ஆறு பிடித்து, எட்டுக்கும் எட்டு ஊறுகாய் பாட்டில், மூடியில் ஆணியால் துளை, மூன்று விரல் உயரம் சேறு. நான்கு நாளுக்கு ஒருமுறை அரை மண்புழு. சேறு பிசைந்த சப்பாத்தி மாவு பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் மேலே நின்றால் பூசணம், வெடித்தால் புழு சுருங்கும். மூன்று பூசணத்தில் போயின, இரண்டு நாங்கள் கல்யாணத்துக்குப் போன வாரத்தில் காய்ந்துபோயின, ஒன்று மூடி சரியாக இறுகாத பாட்டிலிலிருந்து வெளியேறிவிட்டது. எட்டாம் எண் புழு தைக் கடைசியில் மேலே வந்து, கூட்டுப்புழுவாகி, பதினோரு நாள் நிமிர்ந்து நின்றது.

நேற்றைய ஆணைச் சாயங்காலம் வரை விறைக்க விட்டு, கண்ணைப் படமெடுத்துவிட்டுத்தான் ஃப்ரீசரில் வைத்தேன். கண்ணின் மேல்பாதியில் அறைகள் பெரிது, கீழ்பாதியில் சின்னது, நடுவில் தெளிவான எல்லை. ஆடியில் பிடித்த பெண் ஈயை அருகில் வைத்தால் மூன்று கோடும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகின்றன. கூட்டுப்புழுவின் தோலையும் அதே ஊசியில் ஒரு சின்ன அட்டையில் ஒட்டிவிட்டேன்.

வரும் ஆனிக்கு மாற்ற வேண்டியவை: பானை இரண்டு, இரண்டுக்கும் முதலிலேயே மூன்று பூச்சு. கொசுவலைக்குப் பதில் கெட்டிக் கண்ணாடித்தாள், வலையின் மடிப்பில் பல ஈ சிக்கி இறக்கை கிழிந்தது. தலைக்கு வரும் கிரைசாப்ஸுக்குப் பானை உதவாது. மாட்டின் கொம்புக் கயிற்றில் நொச்சிக் கொத்து கட்டிப் பார்க்கிறேன், கட்டிய மாட்டுக்கும் கட்டாத மாட்டுக்கும் தனித்தனிச் சீட்டு. அண்ணாச்சி தன் எருமைகளிலும் சீட்டு எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் சொல்ல அவர் பேத்தி எழுதுவாள். பாட்டில்களுக்கு வெயில் படாத இடம் வேண்டும், அடுப்படிச் சூட்டில் சேறு சீக்கிரம் காய்கிறது. மாட்டுக் கொட்டகையின் வடக்குச் சுவரோரம் பலகை அடிக்கலாம் என்று இருக்கிறேன்.

மூன்றாம் எண் பாட்டிலில் இன்னும் ஒரு புழு இருக்கிறது. மற்றதைவிடப் பெரிது, மூன்று சென்டிமீட்டர் வந்துவிட்டது, கூட்டுப்புழுவாகும் அறிகுறி இல்லை. முக்கோணப் புள்ளி வகையாக இருக்குமோ என்று தோன்றுகிறது. இன்று காலை அதற்கு ஒரு முழு மண்புழு போட்டேன்.